மூன்றாவது டின்னுக்கு ஆள் இல்லை

டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த முதல் நாள், பெரிய வாத்தியார் ஒரு மரியாதைக்காக, "பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "நான் ஏறின பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சு சார். மத்தது தெரியாது" என்றார். பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் தற்காலிக ஆசிரியை. சொந்த ஊர் ஈப்போ பக்கம் பத்து காஜா. எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குச் சுங்காய் டவுனிலிருந்து உள்ளே செம்மண் சாலையில் போகவேண்டும். தங்கியது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீட்டில். எழுபதுகளின் பிற்பாதி அது. ஒரு பக்கம் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர்கள் பெரிய வாத்தியாரையும் சேர்த்து மூன்றே பேர். என் ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கும், டீச்சருடைய மூன்றாம் நான்காம் வகுப்புக்கும் நடுவே ஓர் அலமாரிதான் சுவர். அந்த அலமாரிக்கு முதுகுப் பலகை கிடையாது. ஆகவே அவர் நடத்திய விஞ்ஞானப் பாடம் முழுவதையும் நானும் படித்தேன். படிக்கவேண்டும் என்று யாரிடமும் விண்ணப்பம் போட்டவனில்லை நான்.

என் சுபாவம் வேறு. நானுண்டு என் வாய்ப்பாடு உண்டு என்று இருப்பவன். ஈரிரண்டு நாலு என்று நான் சொன்னால் பிள்ளைகளும் நாலு என்பார்கள், மணி அடிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போவோம். அலமாரிக்கு அந்தப் பக்கம் எதுவும் அவ்வளவு சுலபமாக முடியாது. ஒரு பிள்ளை எழுந்து எதையாவது சொன்னால் போதும், டீச்சரிடமிருந்து கேள்வி வந்துவிடும்.

"பாத்தியா?"

"பாக்கல டீச்சர். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்ப புஸ்தகத்துல போட்டிருக்குன்னு சொல்லு. நீ பாத்தது அத்தனதான்."

இதை அவர் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நல்ல பெயரோடு இருந்திருப்பார். பெரியவர்களிடமும் கேட்டார். கோயில் பூசாரியிடம் கேட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார். ஈப்போவிலிருந்து ஒரு தடவை அவரைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க பையன் தண்ணியத் தொட மாட்டான்லா, தங்கமான பையன்" என்றிருக்கிறார். டீச்சர் காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க அவர்கூட ஒரே வீட்டுலயா மாமா இருக்கீங்க?" என்று கேட்டார். இல்லை, மாமா இருப்பது வேறு ஊரில், தைப்பிங்கில். "அப்ப யாரு பாத்தது?" என்று டீச்சர் விசாரித்தார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று டிரஸ்ஸர் சம்சாரம் என்னிடம் பிற்பாடு அடித்துச் சொன்னார். தாய்மாமன் பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாராம். அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

மெழுகுவர்த்திச் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மேலே கண்ணாடிக் கிளாஸைக் கவிழ்ப்பது. தீ அணையும், தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று பாடப் புத்தகம் சொன்னது. டீச்சருடைய கிளாஸில் முதல் தடவை கொஞ்சம்தான் ஏறியது. அடுத்த தடவை கூடுதலாக ஏறியது. இரண்டு மெழுகுவர்த்தி வைத்தபோது இன்னும் மேலே போயிற்று. பிள்ளைகள் ஏறினதை ஏறினபடி எழுதினார்கள். பெரிய வாத்தியார் அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அஞ்சுல ஒண்ணுன்னு போட்டிருக்கே டீச்சர். கோலாலம்பூர்ல இருந்து வந்த புஸ்தகம்."

"கோலாலம்பூர்ல அப்படி ஏறியிருக்கலாம் சார். இங்க இப்படி ஏறிச்சு."

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். கேள்விப்பட்டிருப்பீங்க."

"தீர விசாரிக்கத்தான் சார் மறுபடி மறுபடி கொளுத்தினேன்."

பெரிய வாத்தியார் நல்ல மனிதர். எதிலும் இழுபறி வேண்டாம் என்பவர். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் கரண்டு போனபோது டிரஸ்ஸர் வீட்டில் கொளுத்த ஒரு மெழுகுவர்த்திகூட இல்லை.

ரப்பர்க் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்திலிருப்பவன் கையில் வைத்து அலறவிடுவது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிறவி விளையாட்டு. நான் அதற்கென்று ஒரு பிரம்பு வைத்திருந்தேன். டீச்சர் அதைப் பாடமாக்கிவிட்டார். உராய்ந்தால் சூடு பிறக்கும் என்பது பாடம். ஒருநாள் அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் தலை தெரிந்தது.

"சார், ஒரு நிமிஷம் வாரீங்களா? பெரிய ஆளுங்க தோல்லயும் சுடுதான்னு பாக்கணும்."

"சுடும் டீச்சர்."

"பாத்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல எத்தனையோ தடவ."

"அது சின்ன ஆளு தோலு சார்."

மேலே பேசினால் நேரம்தான் போகும் என்று கையை நீட்டினேன். சுட்டது. 'சாருக்கும் சுட்டது' என்று வகுப்பு மொத்தமும் நோட்டில் எழுதிக்கொண்டது. அந்த வருஷத்திலேயே பிள்ளைகள் பிழையில்லாமல், முத்து முத்தாக எழுதிய வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கிரகணத்து உலக்கை விஷயம் மட்டும் கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது. சூரிய கிரகணம் பிடித்திருக்கும்போது தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தினால் பிடிமானம் இல்லாமல் தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் விழுந்துவிடும் என்பது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படி ஒரு கிரகணம் வந்தது. உலக்கை நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டீச்சரும் போய்ப் பார்த்தார். "நிக்குது" என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் அதே உலக்கையை இரவல் வாங்கிவந்து, அதே தாம்பாளத்தில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார். அன்றும் நின்றது. பூண் போட்ட அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். டீச்சருக்குப் பரம திருப்தி.

ஆனால் லயத்துக்குச் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. உலக்கை இன்னும் நிற்கிறது என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் கிரகணம் இன்னும் விடவில்லை என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். உலை வைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் வெளியே வரவில்லை. அடுத்த நாள் காலை பிரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு, பாதிப் பேர் வராததால் கங்காணி நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, கிரகணத்த எப்ப விடப் போறீங்க?"

டீச்சர் உலக்கையைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பார்த்ததைப் பிள்ளைகள் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், கேட்டவர்கள்தான் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று என்னிடம் விளக்கினார். நான் பசியாறிக்கொண்டிருந்தேன். ரொட்டியைக் காப்பியில் நனைத்தபடி ஆமாம் என்றேன். எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்லிக்கொள்கிற வழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தற்காலிக வேலை என்றால் வருஷக் கடைசியில் போ என்றால் போகவேண்டிய வேலை. நிரந்தரம் ஆகவேண்டுமானால் ஈப்போவிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து, வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று எழுதவேண்டும். டீச்சருக்கு அப்பா இல்லை. பத்து காஜாவில் அம்மாவும் படிக்கிற தம்பியும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அந்தப் பள்ளித் தவணைக்குள் வருவார் என்று தகவல் வந்தது. பெரிய வாத்தியார் வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாள். வாட்டசாட்டமான பெண். பத்து வயது இருக்கும் என்று பார்த்தால் தெரிந்தது. தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. பால்மரம் சீவிப் பால் எடுக்கிற அவள் சின்னம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "இவ நடக்கிறதுக்கு முன்னாலயே எங்கக்கா செத்துப்போச்சு சார். அப்பன் எங்கயோ போயிட்டான். சித்தியவான் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்துல பொறந்தா. எந்தத் தோட்டம்னு எனக்குத் தெரியாது. நான் அப்ப வேற எடத்துல இருந்தேன்."

"சூராட் பெரானாக்?" என்று பெரிய வாத்தியார் கேட்டார். பிறப்புப் பத்திரம்.

"அதுதான் இல்லையே சார்."

பத்திரம் இல்லாத பிள்ளையைப் பதிவில் ஏற்ற முடியாது. ஏற்றாமல் வகுப்பில் வைத்திருப்பதும் முடியாது. கண்டுபிடித்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள், பெரிய வாத்தியாரின் தலையும் உருளும். அவர் இதையெல்லாம் சின்னம்மாவுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளை டீச்சர் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், இந்தப் புள்ள பதிவுல இல்ல."

"பெஞ்சுல இருக்காளே சார்."

பெரிய வாத்தியார் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இவள் பெயர் எந்தத் தாளிலும், சுவரில் மாட்டுகிற எந்த அட்டையிலும் வரக் கூடாது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஆளே இருக்கக் கூடாது. டீச்சர் சரி என்றார். தினமும் காலையில் வருகைப் பதிவைப் படித்து முடித்து மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து, "அப்புறம் ஒருத்தி" என்பார். அவள் "இருக்கேன் டீச்சர்" என்று லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுப்பாள்.

இன்ஸ்பெக்டருக்குக் காட்ட டீச்சர் எடுத்துக்கொண்ட பாடம் செடி. மூன்று பால் டின்களில் மண் போட்டுப் பச்சைப்பயறு முளைக்கவைத்தார். முளைத்த பிறகு, முதல் டின்னுக்குத் தண்ணீரும் வெளிச்சமும். இரண்டாவது டின்னுக்குத் தண்ணீர் உண்டு, வெளிச்சம் கிடையாது; அது எங்கள் பொது அலமாரிக்குள், முதுகுப் பக்கம் கோணி கட்டிய கீழ்த்தட்டுக்குப் போயிற்று. மூன்றாவது டின்னுக்கு வெளிச்சம் உண்டு, தண்ணீர் கிடையாது, அது ஜன்னலோரம். முதல் டின்னுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள், இரண்டாவதற்கு ஊற்ற ஆள், அலமாரியைத் திறந்து மூட ஆள், அடிக்கோல் வைத்து அளக்க ஆள் என்று வகுப்பிலுள்ள எல்லோருக்கும் வேலை பிரித்து அட்டையில் எழுதி மாட்டினார். மூன்றாவது டின்னுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பதால் அதற்கு ஆள் போடவில்லை. அந்தப் பிள்ளைக்கும் வேலை போடவில்லை. அட்டையில் அவள் பெயர் வரக் கூடாதே.

முதல் டின் நன்றாக வந்தது. அலமாரிக்குள் இருந்தது மஞ்சள் பூத்து, வெளிச்சத்தைத் தேடி என் வகுப்புப் பக்கமாக வளைந்தது. மூன்றாவது டின் எல்லாவற்றையும்விட உயரமாக, இலை விரித்து, செழிப்பாக நின்றது.

வகுப்பில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. ராத்திரிப் பனியாக இருக்கும் என்றான் ஒருவன். காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது என்றாள் ஒருத்தி. டீச்சர் எதையும் மறுக்கவில்லை. "மூன்றாவது டின்னுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை" என்று ஒரு பையன் நோட்டில் எழுதினான். டீச்சர் அதை அடித்தார். "'நாங்கள் ஊற்றவில்லை'ன்னு எழுது. மத்தது நமக்குத் தெரியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வைங்க டீச்சர். இன்ஸ்பெக்டர் வார நேரத்துல இது என்ன கூத்து."

"வைக்கலாம் சார். ஆனா பிள்ளைங்க இதப் பாத்துட்டாங்களே."

"பாத்தா என்ன, மறந்துருவாங்க. உங்க வேலையில்ல போயிரும்."

"மறக்கச் சொல்லியா சார் விஞ்ஞானம் நடத்துறது?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வரவேண்டிய நாள் காலையில் டீச்சர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். பள்ளி நேரத்தில் யாரும் ஊற்றுவதில்லை என்பதால், அதற்கு முன்னாலோ பின்னாலோதான் நடக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூட வளவிலேயே குடியிருந்தவன். குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். என் வாயில் நுரை இருந்ததால் நான் பேசுவதாக இல்லை. இரண்டு பேரும் கட்டடத்தின் மூலையில் நின்று பார்த்தோம்.

அந்தப் பிள்ளை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, மூன்றாவது டின்னுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொட்டுக்கூட வெளியே சிந்தாமல், வெகு பொறுப்பாக ஊற்றினாள். முடித்துவிட்டு ஒரு இலையைத் தடவிக் கொடுத்தாள். திரும்பியதும் எங்களைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"என்ன செய்யிற?"

"என் டின்னுக்குத் தண்ணி ஊத்துறேன் டீச்சர்."

"உன் டின்னா? யாரு சொன்னா?"

"எல்லா டின்னுக்கும் ஆளு இருக்கு. இதுக்கு ஆளு இல்ல. எனக்கும் டின்னு இல்ல."

"இதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அது அவங்களுக்குச் சொன்னீங்க. அவங்களுக்குத்தான் வேற டின்னு இருக்கே."

டீச்சர் ஜன்னலை எட்டி அந்த டின்னைப் பார்த்தார். பிறகு, "இன்னைக்கி வீட்டுல இரு. நாளைக்கி வா" என்றார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வாயைக் கொப்பளித்தேன்.

இன்ஸ்பெக்டர் தடித்த உருவம், சாதுவான ஆள். வெயிலில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சுண்ணாம்புக் கற்களைப் பாராட்டினார். டீச்சர் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெரிய வாத்தியார் கைக்குட்டையோடு வாசலில் நின்றார். என் பிள்ளைகளை ஆறாம் வாய்ப்பாட்டை முணுமுணுக்கச் சொல்லிவிட்டு நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"செடி வளர என்னென்ன வேணும், சொல்லுங்க பாப்போம்."

முன்பெஞ்சுப் பையன் எழுந்தான். "வெளிச்சம் வேணும் சார். அலமாரிக்குள்ள வச்சது மஞ்சளாப் போச்சு."

"குட். தண்ணி வேணுமா?"

பையன் டீச்சரைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். "தெரியல சார். நாங்க ஊத்தாத டின்னுதான் நல்லா வளந்திருக்கு."

பெரிய வாத்தியார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் மூன்றாவது டின்னுக்குள் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே டீச்சர்."

"ஆமா சார்."

"யாரோ ஊத்தியிருக்காங்க."

"ஆமா சார்."

"யாரு? நீங்க பாத்தீங்களா?"

நடந்ததைச் சொன்னால் டீச்சருக்கு அது நல்ல பாடம். தண்ணீர் ஊற்றினதால்தான் வளர்ந்தது என்று சோதனையை அழகாக முடித்து, கைதட்டல்கூட வாங்கியிருக்கலாம். ஆனால் ஊற்றினது ஒரு பிள்ளை என்றால், கூப்பிடுங்கள் அவளை என்பார். எந்த வகுப்பு, பெயர் என்ன, பதிவை எடுங்கள் என்பார். ஆறாம் வாய்ப்பாடு நடுவிலே நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

"பாக்கல சார்" என்றார் டீச்சர்.

சொன்னபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கையிலிருந்த சாக்குக்கட்டி மட்டும் இரண்டாக ஒடிந்திருந்தது. அந்தப் பெண் ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று என் பிள்ளைகளைப் பார்த்து எரிந்து விழுந்தேன்.

இன்ஸ்பெக்டர் தேத்தண்ணீர் குடிக்கும்போது பெரிய வாத்தியாரிடம் சொன்னார்: "பொண்ணு நல்ல மாதிரிதான். பிள்ளைங்ககூட பயமில்லாமப் பேசுது. ஆனா டீச்சருக்குக் கண்ணு பத்தாது. வகுப்புக்குள்ள ஒரு டின்னுக்குத் தண்ணி ஊத்துறது யாருன்னு பாக்கலன்னா விஞ்ஞானம் எப்படிலா நடத்துறது?" அதையேதான் எழுதியும் கொடுத்தார். வருஷக் கடைசியோடு வேலை முடிகிறது என்று கடிதம் வந்தது.

ஆனால் இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாளே வகுப்பில் டீச்சர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பிள்ளையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பாக்கலன்னு சொன்னேன். பாத்தேன். அது பொய்யி. இந்த டின்னுக்குத் தினமும் ஒரு ஆளு தண்ணி ஊத்துனாங்க, அதனாலதான் வளந்துச்சு. அத நோட்டுல எழுதுங்க."

"யாரு டீச்சர் ஊத்துனா?" என்றான் முன்பெஞ்சுப் பையன்.

"அது பாடத்துல இல்ல."

"அப்ப ஏன் பொய்யி சொன்னீங்க?"

டீச்சர் யோசித்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் யோசிக்கிறவர்தான். "சொல்லியிருந்தா நமக்கு ஒரு ஆளு கொறஞ்சிருக்கும்" என்றார். பையனுக்குப் புரிந்ததோ என்னவோ, அதையும் எழுதிக்கொண்டான்.

அன்று மத்தியானம் அவர் பெரிய வாத்தியாரிடம் போனார். பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பத்திரம் எடுக்க என்னதான் வேண்டும் என்று கேட்டார். பெரிய வாத்தியார் அலுத்துக்கொண்டார். "பொறந்தப்ப கூட இருந்த ஆளு வந்து ஆபீஸ்ல சாட்சி சொல்லணும் டீச்சர். டாக்டரோ மருத்துவச்சியோ யாராவது. அம்மாக்காரி இல்ல, எந்தத் தோட்டம்னே தெரியல. எங்க போய்த் தேடுறது? விடுங்க, தாப்பே, பரவால்ல. உங்க வேலையப் பாருங்க."

வேலை எங்கே இருந்தது பார்ப்பதற்கு? வருஷ முடிவில் டீச்சர் கிளம்பினார். தோட்டத்து லாரியில் முன்னால் உட்காரவைத்து அனுப்பினோம். நான் ஏதோ சொல்லவேண்டும் என்று போனேன். "பஸ்ஸு நேரத்துக்கு வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னைத் திருத்தவில்லை, சிரித்தார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார் என்றார்கள், பத்து காஜாவில் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார் என்றார்கள். சொன்ன யாரும் நேரில் பார்த்தவர்கள் இல்லை.

டீச்சர் வகுப்பையும் நானே பார்க்கவேண்டியிருந்ததால் அந்தப் பிள்ளை என் கைக்கு வந்தாள். அடுத்த வருஷம் பள்ளிகளையெல்லாம் சோதிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இனிமேல் வைத்திருக்க முடியாது, சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பெரிய வாத்தியாரும் நானும் பேசி முடித்திருந்தோம். யார் சொல்வது என்பதில்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் பத்து மணி வாக்கில் ஒரு அம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வெற்றிலை வாய், கையில் துணிப்பை, காலெல்லாம் செம்மண். பெரிய வாத்தியார் யாரென்று கேட்டார்.

"சித்தியவான் பக்கத்துல இருந்து வாரேன். இங்க பத்திரம் இல்லாத பொட்டப் புள்ள ஒண்ணு படிக்குதாமே. பிரசவம் பாத்து அத எடுத்துப் போட்டது நான்தான்."

பெரிய வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"ஒரு டீச்சரு வந்துச்சு. தோட்டந்தோட்டமா ஏறி எறங்கி எல்லா மருத்துவச்சியையும் விசாரிச்சிக்கிட்டு வந்துச்சாம். என்னைய கேட்ட கேள்வி இருக்கே, போலீஸ்காரன் கேக்க மாட்டான்லா. புள்ளைக்கி ஏதாவது அடையாளம் இருந்துச்சான்னு கேட்டுச்சு. அது வாயால ஒண்ணும் சொல்லல. நானா சொல்லணும்னு அப்புடியே உக்காந்திருந்துச்சு. சொன்னேன். உடனே பஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டு வந்து ஏத்திவிட்டுருச்சு."

"என்ன அடையாளம்மா?"

"எடது கால்ல சுண்டுவிரலும் பக்கத்து விரலும் ஒட்டியிருக்கும். புள்ளையக் கூப்புடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் வாசலில்தான் நின்றாள், அவள் பின்னால் பள்ளிக்கூடமே நின்றது. பெரிய வாத்தியார் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அவள் ஒற்றைக் காலில் நின்று கழற்றினாள். பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துத் தரையில் குந்தி, கிட்டத்தில் பார்த்தார். விரல்கள் ஒட்டித்தான் இருந்தன. "நாளைக்கே ஆபீசுக்குப் போவோம்மா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு ஆபீஸ் எதுவும் காதில் விழவில்லை. அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா என்ன சொன்னாங்க, நான் பொறந்தப்ப?"

"ஒங்கம்மாவா? வெரல எண்ணுச்சு. எண்ணிப்புட்டு, ஒண்ணு கொறையுதேக்கான்னு அழுதுச்சு. கொறையல தாயி, ஒட்டியிருக்கு, எல்லாம் இருக்குன்னு வெளக்கப் புடிச்சுக் காட்டுனேன். அப்புறந்தான் சிரிச்சுச்சு."

அவள் கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி, இன்னும் அதே ஒற்றைக் காலில் நின்றாள். "மறுபடியும் சொல்லுங்க" என்றாள்.